களரியும் விளையாட்டரங்கும்



எங்கள் பாடசாலையின் மாணவர் மன்றத்திலே அண்மையில் ஒரு விவாதம் நடைபெற்றது. உலக முழுவதும் சுற்றி வந்து, சென்ற நாடெல்லாம் பெரிய விளையாட்டரங்குகளை நிறைக்கவல்ல இசைவாணர் யார் என்பதே விவாதப்பொருள். மாணவர் ஆளுக்கொரு பெயரைக் கூறினர். ஒரு மாணவி மட்டும் எழுந்து, "மட்டக்களப்பில் ஆயிரக்கணக்கானோரை விடிய விடிய இருத்தி வைத்த கலை ஒன்று உண்டென்று சொல்கிறீர்களே, அஃது ஏன் கடல் கடந்து போகவில்லை?" என்று வினவினாள். அவ்வினாவுக்கு ஒரு வரியில் விடை கூறிவிட முடியாது. ஆகவே அதனையே இன்றைய பேச்சுக்குப் பொருளாகக் கொண்டேன்.

முதலில் அளவைப் பார்ப்போம். அமெரிக்கப் பாடகி டெயிலர் சுவிப்ட் 2023ஆம் ஆண்டு மார்ச் மாதந் தொடங்கி 2024ஆம் ஆண்டு டிசம்பர் வரை ஐந்து கண்டங்களிலே 149 நிகழ்ச்சிகளை நடத்தினார். அவற்றைக் கண்டோர் தொகை ஒரு கோடிக்கு மேல்; நுழைவுச்சீட்டால் வந்த பணம் 200 கோடி டொலருக்கு மேல். நமது இலங்கையின் குடிமக்கள் தொகையிலே ஏறத்தாழ அரைப்பங்கினர் ஒரு பெண்ணின் பாட்டைக் கேட்கச் சீட்டு வாங்கினர் என்று எண்ணிப் பார்த்தால் இதன் அளவு விளங்கும். இங்கிலாந்தின் கோல்ட்பிளே குழுவினர் 2025ஆம் ஆண்டு சனவரியிலே அகமதாபாத்து நகரின் கிரிக்கெட் அரங்கிற் பாடியபோது, இரண்டு மாலைகளிலும் மாலைக்கு ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர்.

இவ்வழக்கம் மிகப் பழையதன்று. 1965ஆம் ஆண்டு ஆகத்து 15ஆம் நாள், நியூயோர்க்கு நகரின் சே அரங்கிலே பீற்றில்சு இளைஞர் நால்வர் பாடினர். ஐம்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடினர். ஆனால் அன்று அவர்களுடைய பாட்டைக் கேட்டவர் எத்தனை பேர்? பந்தாட்ட அறிவிப்புக்கென அமைத்த ஒலிபெருக்கிகளே அரங்கில் இருந்தன. கூட்டத்தின் கூச்சலோ அவற்றை விஞ்சியது. பாடியவர்களுக்கே தங்கள் குரல் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு ஆகத்து மாதத்தோடு அவர்கள் ஊர் ஊராகப் பாடுவதையே நிறுத்திக்கொண்டனர். பின்னர் ஒலிபெருக்கிக் கருவி வளர்ந்தது. கடைசி வரிசையில் இருப்போனும் பாடுவோர் முகத்தைக் காணுமாறு பெருந்திரை வந்தது. ஆகவே, விளையாட்டரங்கை நிறைப்பதற்குக் குரல் மட்டும் போதாது. பொறியியலும் பெருமுதலும் வேண்டும் என்பது வெளிப்படை.

எனினும், கருவியும் முதலும் உள்ளோர் அனைவரும் அரங்கை நிறைத்துவிடுவதில்லையே! அதற்கு மேலும் ஒன்று வேண்டும். வருவோர் அனைவருக்கும் அந்தப் பாட்டு முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். புதிய பாட்டைக் கேட்பதற்கென ஐம்பதினாயிரம் பேர் கூடுவது அரிது. தாம் அறிந்த பாட்டை, தம்மைப்போல் அறிந்த பிறரோடு சேர்ந்து பாடுவதற்கே மக்கள் கூடுகின்றனர். தனியே அறையிலிருந்து கேட்ட பாட்டு தனக்கு மட்டும் உரியதன்று என்று கண்டுகொள்ளும் இன்பத்துக்காகவே அவர்கள் பணம் கொடுக்கின்றனர்.

தமிழ் உலகை எடுத்துக்கொள்வோம். பாட்டைப் பொதுச்சொத்தாக்கிய பெருமையில் வானொலிக்கு ஒரு பங்கு உண்டு. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டு மக்களும் விரும்பிக் கேட்டனர். தேநீர்க் கடையிலும் தையற் கடையிலும் ஒலித்த திரைப்பாட்டு, ஏழை செல்வர் என்ற வேறுபாடின்றி எல்லோர் நாவிலும் ஏறியது. 1976இல் அன்னக்கிளி படத்தோடு வந்த இளையராஜாவும், 1992இல் ரோஜாவோடு வந்த ஏ. ஆர். ரகுமானும் இவ்வாறு வீடுதோறும் புகுந்தவர்களே. நாட்டைவிட்டுப் புலம்பெயர்ந்த நம்மவர், உடுதுணியோடு எடுத்துச் சென்றவற்றுள் அப்பாட்டுகளும் அடங்கும். அதனாலன்றோ, 2013ஆம் ஆண்டு பெப்ரவரியில், கனடாவின் கடுங்குளிரிலே ரொறன்ரோ நகரின் பெரிய விளையாட்டரங்கில் இளையராஜாவைக் கேட்கத் தமிழர் கூடினர். அங்கு கூடியோருட் பலர்க்கு அது வெறும் இசை நிகழ்ச்சி அன்று. விட்டுவந்த ஊரைச் சில மணி நேரம் மீளப் பெற்ற நிகழ்ச்சி.

இங்கே மொழி என்னும் வரம்பையும் கருத வேண்டும். 2017ஆம் ஆண்டு சூலையில் இலண்டன் வெம்பிளி அரங்கிலே ரகுமான் நடத்திய நிகழ்ச்சிக்குத் தமிழிலேயே பெயர் சூட்டப்பட்டிருந்தது. இருந்தும், தமிழ்ப்பாட்டு மிகுந்துவிட்டதென இந்தி விரும்பிகள் சிலர் இடையில் வெளியேறினர். பணத்தைத் திருப்பித் தருமாறு கேட்டவரும் உளர். 2009இல் இரண்டு ஒஸ்கார் விருது பெற்றவர்க்கே இந்நிலை! இசைக்கு மொழியில்லை என்று நாம் எளிதாகக் கூறிவிடுகின்றோம். சீட்டு வாங்கியவர் அவ்வாறு எண்ணுவதில்லை.

இனி, நம் வாவிக்கரைக்கு வருவோம். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழும் முதியோரைக் கேளுங்கள். கூத்து அரங்கேறிய இரவுகளைப்பற்றிச் சொல்லுவார்கள். வட்டமாக உயர்த்திய களரி, சுற்றிலும் விளக்கு, நாற்புறமும் பாயை விரித்து அமர்ந்த ஊர். வடமோடியாயின் போரும் வீரமும். தென்மோடியாயின் இசை நயமும் காதலும். நடுவே மத்தளத்தோடு நிற்பவர் அண்ணாவியார். அவரே ஆசிரியர், நெறியாளர், இசைத்தலைவர் எல்லாம்.

அந்த ஓர் இரவுக்குப் பின்னே பல மாத உழைப்பு இருந்தது. யார் எந்த வேடம் என்று தெரிந்து பாட்டெழுதிய ஏட்டைக் கையளிப்பது சட்டங்கொடுத்தல். ஆட்டம் ஓரளவு படிந்தபின் காலிலே சதங்கை அணிவிப்பர். பின் கிழமைக்கூத்து, அதன்பின் அடுக்குப் பார்த்தல், இறுதியில் அரங்கேற்றம். அரங்கேறியபின் வீட்டுக்கு வீடு சென்று ஆடுதலும் உண்டு. ஆதலால், அரங்கேற்ற இரவு வருமுன்னரே பாட்டெல்லாம் ஊராருக்கு மனப்பாடமாகிவிடும். நெல்லுக் குற்றும் பெண்ணும், தோணி வலிக்கும் ஆணும், வயற்காவலுக்குப் போகும் சிறுவனும் அவற்றைப் பாடுவர். சே அரங்கிலும் வெம்பிளியிலும் நாம் கண்ட அதே விதி, மின்சாரம் வருமுன்னரே, பெருமுதல் எதுவுமின்றி, எங்கள் களரியிலே தொழிற்பட்டது! தெரிந்த பாட்டைக் கேட்கவே மக்கள் கூடினர்.

ஆயினும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. விளையாட்டரங்கிலே ஆடுவோர் ஒருவர், காண்போர் இலட்சம் பேர். இருசாராரும் ஒருவரை ஒருவர் அறியார். களரியிலே கருணனாக ஆடுபவன் காண்போருக்கு மகன், மருமகன், மைத்துனன். அவன் அடி பிசகினால் ஊரே பதறும். கூட்டத்தை அடக்கக் காவலர் வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் சென்னைப் புறநகரிலே நடந்த பெரிய இசை நிகழ்ச்சியில், சீட்டைக் கையில் வைத்திருந்தோர் பலர் உள்ளே நுழையவும் இயலாது திரும்பினர்; பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் இடருற்றனர். 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியிலும் கூட்டம் தடைவேலியை மீறியதால் குழப்பம் விளைந்தது. கூட்டத்தை வரவழைப்பது வேறு. வந்தவரை மதிப்போடு வைத்திருப்பது வேறு. இரண்டாவதிலே எங்கள் பழைய களரிக்காரர் பின்னின்றவரல்லர்.

அங்ஙனமாயின் அம்மாணவி கேட்டவாறு கூத்து ஏன் கடல் கடக்கவில்லை? ஊரோடு அஃது இத்துணை நெருங்கி நின்றதே முதற்காரணம். காண்போரை உறவினராக்கும் கலை, உறவில்லாத இடத்தில் பாதி உயிரோடுதான் நிற்கும். இதனை உணர்ந்து வழி தேடியவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். பேராசிரியர் சரச்சந்திர 1956இல் பேராதனையிலே மனமே நாடகத்தின் மூலம் சிங்கள நாடக உலகுக்குப் புதுவழி காட்டினார். அதே பேராதனையில் வித்தியானந்தன் 1962இல் கர்ணன் போரையும், பின்னர் நொண்டி நாடகம், இராவணேசன் முதலியவற்றையும் மேடையேற்றினார். விடியுமட்டும் ஆடிய கூத்தைச் சில மணி நேரத்துள் அடக்கினார். வட்டக்களரிக்குரிய ஆட்டத்தைப் படச்சட்ட மேடைக்கு ஏற்பத் திருத்தினார். மட்டக்களப்பு மண்ணிற் பிறந்த சி. மௌனகுரு போன்றோர் மாணவராயிருந்து அவரோடு உழைத்தனர். கூத்து நகரம் கண்டது. பல்கலைக்கழகம் அதனைக் கலையென ஏற்றது.

இவ்வாறு சுருக்குதல் கலையைச் சிதைத்தலாகும் என்பாரும் உளர். அவர் கூற்றிலும் உண்மையுண்டு. விடியற்காலத்துக்கெனப் பாடும் பாட்டை மாலை ஏழு மணிக்குப் பாடினால் அதன் சுவை குறையத்தான் செய்யும். ஆனால், சுருக்காமல் விட்டிருந்தால் இன்று அதனைப்பற்றி எத்தனை பேர் பேசுவர்? என் கருத்து இது: மேடைக்குச் சுருக்கிய கூத்து விருந்தினர்க்குக் காட்டும் படம், ஊர்க்களரியின் கூத்து வீடு. படம் இருக்கட்டும், ஆனால் படம் இருக்கின்றதே என்று வீட்டை இடியவிடலாகாது.

மற்றொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். பழங்களரி எல்லாருக்கும் ஒப்பத் திறந்திருக்கவில்லை. பெண் வேடத்தை ஆண்களே ஆடினர்; பெண்கள் பாயிலிருந்து பார்த்தனர். பறை முழக்கும் கலைஞனை விழாவுக்கு அழைத்தவர்கள் அவனைச் சமமாக அமர்த்தவில்லை. இன்று பெண்பிள்ளைகள் பல்கலைக்கழக மேடையிலே கூத்தாடுகின்றனர். பறையும் கலையரங்கிலே முழங்குகின்றது. கூத்து வளர வேண்டுமாயின் இவ்வழியிலேயே வளர வேண்டும்.

மட்டக்களப்பிலிருந்து வெளியுலகு சென்ற இசை எதுவுமே இல்லை என்றும் எண்ண வேண்டாம். 1628இல் போர்த்துக்கீசர் இங்கு கோட்டை கட்டினர். பத்தாண்டுகளில் அது ஒல்லாந்தர் கைப்பட்டது. எனினும் போர்த்துக்கீச வழிவந்த பறங்கியர் சமூகம் இங்கே நிலைத்தது. தம் முன்னோர் மொழியின் திரிந்த வடிவத்தையும், திருமண வீட்டிலே வயலினோடு ஆடும் கப்ரிஞ்ஞா ஆட்டத்தையும் அவர்கள் காத்து வந்தனர். இத்தகைய பறங்கியரிடத்தும் புத்தளத்துக் காப்பிரியர் இடத்தும் வேரூன்றிய இசையே பின்னர் பைலாவாகத் தழைத்து, இன்று இலங்கை முழுவதும் திறந்தவெளி அரங்குகளை நிறைக்கின்றது. ஆனால் அதனை ஆடுவோரில் எத்தனை பேர் மட்டக்களப்பை நினைக்கின்றனர்? கலை உலகை அடைந்தபோதும் ஊர்ப்பெயர் உதிர்ந்துவிடுவதுண்டு. எழுதிவைக்காத ஊருக்கு இதுவே கதி.

எழுதிவைத்தோரும் நம்மிடையே உளர். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்த யாழைப் பல்லாண்டு ஆராய்ந்து, தாம் மறைந்த 1947ஆம் ஆண்டிலேயே யாழ்நூலை அரங்கேற்றினார். வித்துவான் வி. சீ. கந்தையா 1964இல் மட்டக்களப்புத் தமிழகம் என்ற நூலைத் தந்தார். கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது பாடப்பெறும் வழக்குரையையும் பதிப்பித்தார். அவர்கள் அரங்கு எதனையும் நிறைத்தவர்கள் அல்லர். ஆயின், இனி நிறைக்க வருவோர்க்கு வேண்டிய வித்தைக் காத்தவர்கள்.

இன்று நம் முன்னுள்ள ஆபத்து திரையிசையன்று. பிள்ளைகள் அதனைக் கேட்பதைத் தடுக்கவும் வேண்டியதில்லை. போர்க்காலத்திலே இரவுக் கூட்டங்கள் அஞ்சத்தக்கனவாயின. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோர ஊர்களைச் சூறையாடியது. இளைஞர் பலர் பிழைப்புத் தேடி மத்திய கிழக்குக்கும் பிற நாடுகளுக்கும் சென்றனர். இவற்றுக்கிடையே அண்ணாவிமார் முதுமையடைந்தனர். ஓர் அண்ணாவியார் மாணாக்கன் இன்றி மறையும்போது, அவர் கைத்தாளமும் நாவிலிருந்த பாட்டும் ஒருங்கே மறைகின்றன. கொப்பியில் எழுதிய பாட்டு எஞ்சலாம். அதன் மெட்டு எஞ்சாது.

ஆகவே பெற்றோரையும் ஆசிரியரையும் நான் வேண்டிக்கொள்வது இவைதாம். நாடகமும் அரங்கியலும் நம் பாடசாலைகளிலே ஒரு பாடமாக இருக்கின்றது. அதனைப் படிக்கும் மாணவர் பரீட்சைக் குறிப்போடு நில்லாது, தம் ஊர் அண்ணாவியாரிடம் சென்று ஓர் ஆட்டத்தையாவது பழகட்டும். கையிலுள்ள தொலைபேசியிலே அவர் பாடுவதைப் பதிவு செய்யட்டும். பாடியவர் பெயரையும் ஊரையும் நாளையும் உடன் எழுதட்டும். கோயிற் பரிபாலனத்தார் திருவிழாவின் ஓர் இரவையேனும் களரிக்கு ஒதுக்கட்டும். வெளிநாட்டிலுள்ள உறவினர் நட்சத்திர இரவுக்குக் கொடுக்கும் பொருளில் ஒரு சிறு பங்கை ஊரின் மத்தளத்துக்கும் சதங்கைக்கும் அனுப்பட்டும்.

நேயர்களே, எங்கள் நகரின் வெபர் அரங்கிலே ஒருநாள் நம் பிள்ளை ஒருத்தி பாட, ஊர் திரண்டு கேட்கலாம். அவள் பின்னர் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் செல்லலாம். அந்நாள் வருக. ஆனால் அவள் எங்கு நின்று பாடினாலும், கேட்போரைத் தன்னோடு சேர்ந்து பாடவைக்கும் ஆற்றலே அவளுக்கு மூலதனம். அவ்வாற்றலைக் கற்கும் பள்ளி களரியாகும். அப்பள்ளியின் விளக்கை அணையாமற் காப்பது வாவியின் இரு கரையிலும் வாழும் நம் அனைவரது கடமையாகும்.