முதிர்ந்த சேமிப்பும் முறையான மாற்றமும்

 

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் மிகுபொருள் விரும்பாமையும் ஒன்று. பொருளுக்கு எல்லை வகுத்துக்கொள் என்பதே அதன் கருத்து. ஈட்டிய பொருளைப் பேணாது விட்டுவிடு என்பது அன்று. அளவோடு சேர்த்த பொருளை முதுமையில் அறியாமையால் குறைத்துக்கொள்வது அறமும் ஆகாது, சிக்கனமும் ஆகாது. பல இல்லங்களில் இன்று முதிர்வை எட்டிவரும் பொது வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.பி.எஃப். கணக்கைக் குறித்தே இவ்வுரை அமைகின்றது.

மலையின் மேற்குப்புறம், கிரிவலப் பாதையில் உள்ளது அடி அண்ணாமலை. அங்கே எழுபது வயதைக் கடந்த ஒருவர் தம் துணைவியாருடன் வாழ்வதாகக் கொள்ளலாம். அவர் 2010 ஜூலை மாதத்தில் அஞ்சலகத்தில் பி.பி.எஃப். கணக்குத் தொடங்கினார், இன்று அதில் ரூ.12 இலட்சம் இருக்கிறது. சென்னையில் வாழும் மகனோ, "அப்பா, கணக்கு வங்கியில் இருந்தால் நான் இங்கிருந்தே கவனித்துக்கொள்வேன்" என்கிறான். பெரியவரும் இசைகிறார். பணம் முழுவதையும் அஞ்சலகத்திலிருந்து எடுத்து, வங்கியில் அதே திட்டத்தில் புதிதாகக் கட்டிவிடலாம் என்பது அவர் எண்ணம். பிழை தொடங்கும் இடம் அதுவே.

பணத்தைக் கையில் வாங்கிய அக்கணமே பழைய கணக்கு முடிந்துவிடுகிறது. புதிய கணக்கில் ஓர் ஆண்டில் ரூ.1,50,000-க்கு மேல் செலுத்த இயலாது. எஞ்சிய பத்தரை இலட்சம் வரிவிலக்கு நிழலுக்கு வெளியே நிற்கும். அதனினும் கொடிது, புதிய கணக்கிற்குப் பதினைந்தாண்டுக் காலம் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது. எழுபதில் தொடங்கினால் எண்பத்தைந்தைத் தாண்டியே அது முதிரும்.

ஆகவே இடம் மாற வேண்டியது கணக்கே. பணம் கைக்கு வருதல் கூடாது. இங்கிலாந்தில் 1999 முதல் நடைமுறையில் உள்ள 'ஐசா' என்னும் வரியில்லாச் சேமிப்பிலும் விதி இத்தகையதே. அங்கே வட்டி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால் மக்கள் அடிக்கடி மாற்றுகின்றனர். ஆனால் பணத்தைத் தாமே எடுத்துச் செல்வதில்லை. புதிய நிறுவனம் வழியாகவே மாற்றிக்கொள்கின்றனர். நம் நாட்டில் பி.பி.எஃப். வட்டியை மத்திய அரசே வகுப்பதால் அஞ்சலகத்திலும் வங்கியிலும் வட்டி ஒன்றே. 2020 ஏப்ரல் முதல் அது 7.1 விழுக்காடு. எனவே இங்கே மாற்றத்தின் பயன் வசதி ஒன்றே. அந்த வசதிக்காகக் கணக்கின் வயதை இழக்கலாகாது.

மாற்றும் முறை எளிது. கணக்குள்ள அஞ்சலகத்தில், மாற விரும்பும் வங்கிக் கிளையின் முழு முகவரியுடன் மாற்று விண்ணப்பமும் கணக்குப் புத்தகமும் அளிக்க வேண்டும். அளிப்பதற்கு முன் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்துக்கொள்வதும், ஒப்புகைச் சீட்டுப் பெறுவதும் இன்றியமையாதன. அஞ்சலகம் பழைய விண்ணப்பம், மாதிரிக் கையொப்பம், கணக்கின் சான்றிட்ட நகல், இருப்புத் தொகைக்கான காசோலை ஆகியவற்றை வங்கிக்கு அனுப்பும். வங்கி ஆதார், பான் முதலிய சான்றுகளைப் பெற்றுக்கொண்டு கணக்கைத் தொடரும். புதிய புத்தகத்தில் கணக்குத் தொடங்கிய பழைய நாளே உள்ளதா, இடைப்பட்ட மாதங்களின் வட்டி சேர்ந்துள்ளதா என்று பார்த்த பின்னரே நிறைவு கொள்ள வேண்டும்.

அடுத்து, முதிர்வு நாள். 2010 ஜூலையில் தொடங்கியது 2025 ஜூலையில் முதிரும் என்பர் பலர். அவ்வாறன்று. தொடங்கிய நிதியாண்டு முடியும் 2011 மார்ச் 31-லிருந்தே பதினைந்தாண்டுகள் எண்ணப்படும். ஆகவே 2026 மார்ச் 31 கடந்தே அது முதிரும். அப்போது மூன்று வழிகள் உண்டு. கணக்கை முடித்துப் பணம் பெறலாம். புதிதாகச் செலுத்தாமல் அப்படியே விட்டு, வட்டி பெற்றுக்கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை வேண்டிய தொகையை எடுக்கலாம். அல்லது செலுத்திக்கொண்டே ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்கலாம். இம்மூன்றாம் வழிக்கு முதிர்ந்த ஓராண்டுக்குள் படிவம் 4 அளித்தல் வேண்டும். அளிக்காமல் செலுத்தும் பணத்துக்கு வட்டி கிடையாது. எனவே கணக்கை மாற்ற விரும்புவோர் அந்த ஓராண்டு கழியும் வரை காத்திராமல், முன்னதாகவே மாற்றத்தை முடித்துக்கொள்ள வேண்டும்.

அப்பெரியவர் இரண்டாம் வழியைக் கொண்டால், பன்னிரண்டு இலட்சத்துக்கு ஆண்டு வட்டி ரூ.85,200, வரி இல்லை. அதே தொகை 4 விழுக்காடு தரும் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் கிடந்தால் ரூ.48,000 மட்டுமே. இடையிலுள்ள ரூ.37,200 முதியோர் இருவரின் மருந்துச் செலவுக்கு உதவும் தொகை அன்றோ!

இறுதியாக, யாவரும் மறக்கும் ஒன்று உண்டு. மாற்றத்தின்போது வாரிசு நியமனத்தைப் புதிதாகப் பதிவு செய்யுங்கள். பழைய ஏட்டில் மறைந்த தாயின் பெயரே இன்னும் இருக்கலாம். கணக்கை நடத்துபவர் கணவர். அவருக்குப் பின் அலைபவர் மனைவி. அவர் பெயர் ஏட்டில் உள்ளதா என்றும், புத்தகம் எங்கே இருக்கிறது என்றும் அவரிடம் இன்றே சொல்லிவையுங்கள். இவ்விழா முடிந்து இல்லம் திரும்பியதும் செய்ய வேண்டிய முதற்பணி இதுவாகட்டும்.

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானமும் பொருளால் நிகழ்வன. தன் பொருளைப் பிழையின்றிக் காப்பவன் கையிலேயே பிறர்க்கு ஈயவும் சிறிது எஞ்சும்.