எம்.எஸ். என்னும் இரண்டெழுத்து

எம்.எஸ். என்னும் சுருக்கம், இரும்புக் கடையில் கார்பன் குறைவாகக் கலந்து எளிதில் வளைக்கவும் பற்றவைக்கவும் இயலும் மைல்ட் ஸ்டீல் என்ற எஃகையும், எண்ணெய் நிறுவனங்களின் கணக்கேடுகளில் மோட்டார் ஸ்பிரிட் எனப்படும் பெட்ரோலையும், வேதியியல் ஆய்வகத்தில் மூலக்கூறுகளின் நிறையை அளந்தறியும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையையும் குறிக்கிறது. இத்துறைகள் ஒன்றோடொன்று அரிதாகவே சந்திப்பதால் பெருங்குழப்பம் நேர்வதில்லை.

மருத்துவத்தின் நிலை வேறு. அங்கே ஒரே கூரையின்கீழ் அச்சுருக்கம் பல பொருள் தாங்கி, இதயநோய்ப் பிரிவில் ஈரிதழ் வால்வு குறுகிப்போதலையும், நரம்பியல் பிரிவில் நரம்பிழைகளின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயையும் சுட்டுகிறது. மருந்துச் சீட்டிலோ, கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் சல்ஃபேட், பேறுகால வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்ஃபேட் ஆகிய இரண்டுக்கும் அதுவே பொதுவாகிவிடுகிறது. மார்ஃபின் அளவு மீறினால் மூச்சையே ஒடுக்கும் என்பதால், இங்கே நேரும் பொருள்மயக்கம் உயிரைப் பறிக்கவல்லது.

ஆகவேதான், அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த, தவிர்க்கவேண்டிய சுருக்கங்களின் பட்டியலில் எம்.எஸ். இடம்பெற்றது. யூனிட் என்பதைக் குறிக்கும் யு என்ற ஒற்றை ஆங்கில எழுத்தும் அதில் உண்டு. கையெழுத்தில் அவ்வெழுத்து சுழியமாகத் தோன்றினால் 10 யூனிட் இன்சுலின் 100 யூனிட்டாகி, நோயாளியின் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும் என்பதால், அதை முழுச் சொல்லாகவே எழுதுமாறு அப்பட்டியல் பணிக்கிறது.