பேரேட்டு ஒழுங்கும் மென்பொருட் கையேடும்



காரைக்குடியைச் சூழ்ந்த ஊர்களின் நகரத்தார் 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் முதலிய நகரங்களில் கொடுக்கல் வாங்கல் நடத்தினர். கடையை ஆள ஊரிலிருந்து முகவரை அனுப்புவர்; ஏறத்தாழ மூன்றாண்டில் அவர் திரும்ப, வேறொருவர் அவ்விடத்தில் அமர்வார். வந்தவர் பேரேட்டைப் புரட்டியே எவர் எவ்வளவு தரவேண்டும் என்பதைக் கண்டுகொண்டார். ஏடெழுதும் முறை பொதுவாயிருந்ததே அதற்கு அடிப்படை. ஐந்தொகை ஊர் வந்து சேர்ந்தால், கடல் கடவாத முதலாளியும் கடையின் நிலையை அறிந்தார்.

மென்பொருளுக்கு எழுதப்பெறும் கையேடும் பேரேடு போன்றதே. எழுதியவர் வேறு பணிக்குப் போய்விடுவார். பின் வருபவர்க்கு எழுத்தே துணை. அதில் ஒரு பக்கத்தில் 'கோப்புறை' என்றும், அடுத்ததில் 'அடைவு' என்றும், பிறிதொன்றில் 'போல்டர்' என்றும் இருந்தால், படிப்பவர் மூன்று பொருள்கள் உளவென்றே மயங்குவார். தமிழ்ச்சொல் இரண்டனுள் எது சிறந்ததென்று பூசலிடுவதினும், ஒன்றைத் துணிந்து, அதனையே எங்கும் ஆளுதல் நன்று. நாளெழுதுவதும் அவ்வாறே. 5-6-2024 என்பது நம் நாட்டில் சூன் 5. அமெரிக்காவிலோ மே 6. 1988-இல் வெளிவந்த 8601-ஆம் உலகத் தர வரையறையைப் பின்பற்றி ஆண்டு, திங்கள், நாள் என 2024-06-05 என்று எழுதினால் ஐயமில்லை.

தமிழுக்கு இன்னுமொரு நோயுண்டு. அது கண்ணுக்குப் புலனாவதில்லை. 'ஔவை' என்பதை 'ஒ', 'ள', 'வை' எனத் தட்டி 'ஒளவை' என்று எழுதுவோர் மிகப்பலர். 'வௌவால்' 'வெளவால்' ஆவதும் இதனாலேயே. பார்ப்பவர்க்கு வேறுபாடு தோன்றாது. ஒருங்குறியிலோ 'ஔ' தனியெழுத்து, 'ஒள' ஈரெழுத்து. ஆகவே 'ஔவை' என்று தேடும் கணிப்பொறி 'ஒளவை'யைக் காட்டாது போகும். நம் பாட்டியின் பெயரே நம் கையேட்டில் தொலைந்துபோகும்! 'கொ' என்பதன் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரு குறிகளாகவும் வைக்கலாம். இரண்டும் ஒன்றென்பது ஒருங்குறியின் வரையறை. ஆயினும் ஒரு வடிவாக்கி ஒப்பிடாத நிரலுக்கு அவை வேறுவேறே.

அச்சகத்தில் இத்தகு காவலை மெய்ப்பு நோக்குநர் செய்தார். பலர் பல ஊர்களிலிருந்து எழுதும் மென்பொருட் கையேட்டில், எத்துணை மூத்த நோக்குநரும் கண்ணுக்குத் தோன்றாத பிழையை எங்ஙனம் காண்பார்? எனவே ஒழுங்குகளை ஏட்டில் எழுதி வைத்தல் மட்டும் போதாது. சரிபார்ப்பு நிரல் ஒன்று வாயிலில் நின்று, வரும் பக்கம் ஒவ்வொன்றையும் ஆய்ந்து, பிழையுள்ள வரியைச் சுட்டித் திருப்ப வேண்டும். திருந்திய பின்னரே பக்கம் பொதுக் களஞ்சியத்திற் சேர வேண்டும். மனிதர் திருப்பினால் மனம் நோகும். நிரல் திருப்பினால் எவரும் நோவதில்லை. ஒழுங்குகள் மட்டும் சிலவாக இருக்கட்டும். நூறு தடைகளைக் கண்ட புதியவர் எழுதவே வரமாட்டார்.

நிரலெழுதுவோர் தமிழறிதல் இன்றியமையாதது. கொம்புக்குப் பின் 'ள' வந்தாலே பிழையென்று மாற்றிவிட்டால் 'வெளி'யும் 'தெளிவு'ம் 'வெள்ள'மும் சிதையும். அந்த 'ள'வின்மேல் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ உளதா என்று நோக்கி, இல்லாதவிடத்து மட்டும் ஐயக்குறியிட்டு, முடிவை எழுதியவர்க்கே விடுதல் வேண்டும்.