வந்தவருக்கு வைத்த பெயர்கள்

ஊரில் பிறந்தவனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்றே போதும். பிழைப்பு நாடி வந்து சேர்ந்தவனுக்கோ அது போதுவதில்லை. சர்க்கார் ஒரு பெயர் வைக்கிறது. அண்டை அயலார் ஒரு பெயர் வைக்கிறார்கள். சட்டப் புத்தகம் இன்னொன்று வைக்கிறது. அத்தகைய பெயர்களைப் பற்றியே இன்று நேயர்களுடன் சிறிது பேசலாம் என்று எண்ணுகிறேன். இதற்கு உலகமெல்லாம் சுற்ற வேண்டியதில்லை. நம் கரையிலிருந்து இலங்கை மலைநாட்டுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளரை மட்டும் எடுத்துக்கொண்டாலே, ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளில் அவர்கள்மீது ஒட்டப்பட்ட சொற்கள் ஒரு சிறு அகராதிக்குக் காணும்.

முதற்சொல் 'கூலி'. தமிழில் இது வேலைக்குத் தரும் ஊதியம். முயற்சியின் பெருமையைப் பேசும் இடத்தில் வள்ளுவரே இச்சொல்லை ஆண்டிருக்கிறார். துரைமார் வாய்க்குப் போனபின், ஊதியத்தைக் குறித்த சொல் அதைப் பெறும் மனிதனையே குறிக்கலாயிற்று. ஆங்கிலச் சொல்லின் மூலம் குஜராத்திலுள்ள கோலி என்னும் சாதிப் பெயரே என்று வாதிப்பாரும் உண்டு. அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டாம். எப்படியாயினும், நாமும் பிறகு அவர்களைப் பார்த்து 'கூலிகள்' என்று கூசாமல் எழுதப் பழகிக்கொண்டோம்.

அவர்கள் போன கதை நேயர்கள் அறிந்ததே. காப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. இங்கே பஞ்சம் இருந்தது. நடுவே கங்காணி இருந்தார். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் நோயால் வழியிலேயே மாண்டவர் பலர். காப்பியை இலைநோய் அழித்தபின் தேயிலை வந்தது. மலையும் காடும் தோட்டமாயின. ஆயினும் 1911-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு அவர்களை 'இந்தியத் தமிழர்' என்று தனியே பிரித்து எழுதியது. அங்கேயே பிறந்த பிள்ளையும் அக்கணக்கில் இந்தியத் தமிழன்தான்.

கணக்கெடுப்பவர் வைத்த பெயர்தானே, அதனால் என்ன என்று கேட்கலாம். 1948-இல் விடை கிடைத்தது. இலங்கை விடுதலை பெற்ற அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டம், அந்நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது என்றது. தந்தை அங்கே பிறந்தவர் என்றோ, பாட்டனும் கொள்ளுப்பாட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? 1947 தேர்தலில் தம் கட்சியினர் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு 1952 தேர்தலில் வாக்கே இல்லை.

இக்காலத்தையொட்டிப் பரவிய சொல்தான் 'கள்ளத்தோணி'. அனுமதியின்றி ஆட்களை ஏற்றிவரும் படகுக்கு உரிய பெயர் இது. கூலி மனிதனானது போலவே தோணியும் மனிதனாயிற்று. சிங்களத்தாரும் இத்தமிழ்ச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு வசைச் சொல்லாக வழங்கினார்கள். உண்மையோ நேர்மாறானது. தோட்டத் தொழிலாளர், மண்டபத்து முகாமில் நோய்ச் சோதனைக்கு உட்பட்டு, பேரேட்டில் பதிவாகி, சர்க்கார் அறியக் கப்பலேறியவர்கள். வரவழைத்துக் கொண்டுபோனவர்களைத் திருட்டுத்தனமாக வந்தவர்கள் என்பது எந்த நியாயம்? வடபுலத் தமிழரிலும் சிலர் 'தோட்டக்காட்டான்' என்று இவர்களை இகழ்ந்தார்கள். அயலார் வசையைவிட இதுதான் அதிகம் சுட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டத்தார் வைத்த பெயர் 'நாடற்றவர்'. எந்த நாடும் தன் சட்டப்படி தன் குடிமகனாகக் கொள்ளாதவர் என்பது 1954-ஆம் ஆண்டு உலக உடன்படிக்கை தரும் இலக்கணம். இரக்கமுள்ள சொல்தான். எனினும் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறித்தவருக்கு நாடு கண்முன்னே இருந்தது, இல்லாதது காகிதம்.

1964-இல் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் இவர்களை 9,75,000 பேர் என்று கணக்கிட்டது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அந்த மீதியும் 1974-இல் பாதி பாதியாகப் பங்கிடப்பட்டது. இங்கே வந்தவர்களுக்கு நம் அலுவலகங்கள் அளித்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. கேட்பதற்கு இனிய தொடர். ஆனால் பதுளையில் பிறந்து, பதுளையில் மணந்து, பெற்ற தாயைப் பதுளையிலேயே புதைத்துவிட்டு வந்த ஒருவர் எங்கே திரும்பினார்? முன்பு இருந்த இடத்துக்குத்தானே ஒருவர் திரும்ப முடியும்! அவருக்கு வேலை தருவதற்கென்று 1968-இல் தமிழக அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கிய நீலகிரியிலோ, அக்கம்பக்கத்தார் அலுவலகத் தொடரைக் கவனிக்காமல் அவரைச் 'சிலோன்காரர்' என்றார்கள். அங்கே இந்தியர், இங்கே சிலோன்காரர்.

1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் 'அகதிகள்' ஆனார்கள். மலையகத்தாரும் அவர்களுள் உண்டு. ஆங்கிலத்தார் சொல்லில் புகலிடம் என்ற பொருளாவது உள்ளே இருக்கிறது. நம் சொல்லிலோ கதியற்றவன் என்பது மட்டுமே இருக்கிறது. 2021-இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்பதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்ல காரியமே.

ஆனால் அதற்கும் முன்பே, 2003-இல், ஒரு விசித்திரம் நிகழ்ந்துவிட்டது. அவ்வாண்டில் இலங்கை, 1964-ஆம் ஆண்டு முதல் அங்கேயே வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை அளிக்கச் சட்டம் செய்தது. அதே ஆண்டில் இந்தியா தன் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, உரிய ஆவணமின்றி வந்த அயல்நாட்டாரைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்று வரையறுத்து, விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் வழியை அவருக்கு அடைத்தது. கலவரத்துக்கு அஞ்சி, கையில் காகிதமின்றிப் படகேறி இராமேசுவரத்தில் இறங்கிய மலையகத்தார் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அக்கரையில் எந்தப் பெயருக்காக அவர் பாட்டன் அழுதாரோ, அதே பெயர் இக்கரையில் சட்டமொழி உடுத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தது.

இத்தனைக்கும் நடுவில் அம்மக்கள் தாமே தமக்கென்று ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டார்கள்: 'மலையகத் தமிழர்'. எங்கிருந்து வந்தார் என்பதையோ, எதில் ஏறி வந்தார் என்பதையோ அது சொல்லவில்லை. எங்கே வாழ்கிறார் என்பதைச் சொல்கிறது. 2024-ஆம் ஆண்டு இலங்கைக் குடிக்கணக்கில் இப்பெயரும் ஏறியது. 1911-இல் எழுதிய 'இந்தியத் தமிழர்' அடிக்கப்படவில்லை. பழையதும் புதியதும் ஒரே கட்டத்துள் அருகருகே நிற்கின்றன.