உயர்தரம் எழுதிய பிள்ளையைக் கடைக்கு அனுப்புமுன்



உயர்தரம் எழுதிய பிள்ளை பெறுபேறு வரும்வரை மாதக்கணக்கில் லயத்தில் சும்மா இருக்கிறான் என்று கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்புகிறோம். தப்பில்லை. எங்களிலும் சிலர் அப்படிப் போய் வந்தவர்கள்தான்.

எங்களிடம் படித்த பிள்ளையொன்று புறக்கோட்டைப் புடவைக் கடைக்குப் போனான். காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டுவரை நின்றபடி வேலை. அடையாள அட்டையை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார். பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு அட்டை கேட்டபோது "மாசம் முடியட்டும்" என்றாராம். நாங்கள் இரண்டு பேர் ஹட்டனிலிருந்து இராத்திரி பஸ்ஸில் போய் வாங்கி வந்தோம். விண்ணப்ப முடிவுக்கு இரண்டே நாள்தான் இருந்தது.

1954ஆம் ஆண்டுக் கடை, காரியாலயச் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. மேலதிக நேரத்துக்குத் தனிச் சம்பளம். மூன்று மாத வேலையானாலும் சேமலாப நிதி முதல் நாளே தொடங்க வேண்டும்: பிள்ளையின் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். நம்பிக்கை நிதி 3 வீதமும் முதலாளிதான் கட்ட வேண்டும். கைக்காசுக்குக் கொழுந்து எடுத்துப் பழகிய நமக்கு இதைக் கேட்கவே வாய் வருவதில்லை.

16 வயதாகாத தம்பி தங்கச்சியைக் கூட அனுப்பாதீர்கள். 2021இலிருந்து சட்டம் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

நியமனக் கடிதம் கேளுங்கள். அட்டையின் பிரதியை மட்டும் கொடுங்கள். கடை விலாசத்தைத் தோட்டத் தலைவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏற்றுங்கள்.