இரட்டைக் குழந்தைகளும் ஒரு காற்பந்து ரசிகரும்



குழந்தை வளர்ப்பு என்றாலே தாய்மார்களை நோக்கிப் பேசுவது நமக்குப் பழகிப்போன ஒன்று. இன்று சற்று மாறுதலாகத் தந்தைமார்களிடம் பேசலாம் என்று எண்ணுகிறேன். அதிலும், ஒரே பிரசவத்தில் இரண்டு குழந்தைகளைப் பெற்ற ஒரு தந்தை. அதற்கு மேல், 'காற்பந்துப் பைத்தியம்' என்று வீட்டாரால் பட்டம் சூட்டப்பட்டவர். அவர் வேறு யாருமல்லர், பேசிக்கொண்டிருக்கும் நான்தான். பிறந்து வளர்ந்தது ஈப்போ. ஆகவே, நான் எந்தக் குழுவின் ஆதரவாளன் என்று சொல்லத் தேவையில்லை.

முதலில் ஒரு சிறு கணக்கு. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கொடுக்க வேண்டும். இரண்டு குழந்தைகள் என்றால் பதினாறு முதல் இருபத்து நான்கு முறை. பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்து, துணி மாற்றிப் படுக்க வைக்க ஒரு முறைக்கு அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் இதற்கே போய்விடுகிறது. இதை ஒரு தாய் தனியாகச் செய்ய முடியுமா? முடியாது. 'கூடமாட உதவுகிறேன்' என்று சொல்லும் தந்தையும் இங்கே போதாது. பாதி வேலை அவருடையது.

எங்கள் வீட்டில் இரவை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை மாமியார் துணையுடன் என் மனைவி. ஒரு மணி முதல் ஐந்து மணி வரை நான். இந்தப் பங்கீட்டை நான் உடனே ஒப்புக்கொண்டதில் ஓர் உள்நோக்கம் உண்டு என்று என் மனைவி இன்றும் சொல்வார். ஐரோப்பாவில் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு அங்குக் கோடைக்காலமாயின் விடியற்காலை மூன்று மணிக்கும், குளிர்காலமாயின் நான்கு மணிக்கும் வந்து சேர்கிறது. காற்பந்து ரசிகனுக்கு அந்த நேரத்தில் விழித்திருப்பது புதிதா என்ன? இத்தனை ஆண்டு பழக்கத்திற்கு அப்போதுதான் ஒரு பயன் கிடைத்தது.

ஒரு குறிப்பேட்டில், ஆட்ட விவரம் எழுதுவதுபோல், இடப்பக்கம் மகனுக்கு, வலப்பக்கம் மகளுக்கு என்று கோடு போட்டு, பால் குடித்த நேரம், எவ்வளவு, எத்தனை முறை ஈரமாக்கினார்கள் என்று குறித்து வந்தோம். இது விளையாட்டல்ல. தூக்கக் கலக்கத்தில், பசியாறியது எது, காத்திருப்பது எது என்பது மறந்துபோகும். மேலும், முதல் வாரம் கழிந்த பின் ஒரு குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்தால் பால் போதுமான அளவு செல்கிறது என்று கொள்ளலாம். குறைந்தால் கிளினிக்குக்குப் போக வேண்டும். குறிப்பேடு இல்லாவிட்டால் இரண்டு குழந்தைகளில் எது குறைந்தது என்று எப்படிச் சொல்வது?

இரட்டையர் என்றதும் உறவினர் கேட்கும் முதல் கேள்வி, "யார் வழியில் வந்தது?" என்பதுதான். இரட்டையரில் இரு வகை உண்டு. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறப்பவர்கள் ஒரு வகை. இவர்கள் அச்சில் வார்த்தாற்போல் இருப்பார்கள். இவ்வகை பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. தாயின் உடலில் ஒரே மாதத்தில் இரண்டு முட்டைகள் முதிர்ந்து, இரண்டும் கருவாவது மற்ற வகை. இதற்குப் பரம்பரைத் தொடர்பு உண்டு. ஆனால், தாய்வழித் தொடர்பு. என் பாட்டனார் இரட்டையர் என்று நான் மார்தட்டினால், அதற்கும் என் மனைவியின் கருப்பைக்கும் சம்பந்தமில்லை. அந்தக் குணம் வேண்டுமானால் என் மகளுக்குப் போய்ச் சேரலாம்.

எங்களுக்கு ஓர் ஆண், ஒரு பெண். அதனைத் தெரிந்துகொண்ட பின்னும், "இருவரும் ஒரே மாதிரி இருப்பார்களா?" என்று கேட்டவர்கள் உண்டு. ஒரே அச்சாக இருப்பவர்கள் படும் பாடு வேறு. பிரேசில் நாட்டு ரஃபாயேல், ஃபாபியோ சகோதரர்கள் மான்செஸ்டர் யுனைடெட் குழுவில் ஆடியபோது, 2009-ஆம் ஆண்டில் ஓர் ஆட்டத்தில் ஒருவர் செய்த தவற்றுக்கு மற்றவருக்கு மஞ்சள் அட்டை காட்டப்பட்டது! நடுவரே தடுமாறும்போது பெற்றோர் கையில் நூல் கட்டி வைப்பதில் என்ன குறை?

சிரிப்பை விட்டுச் சற்றுக் கவலையான பகுதிக்கு வருகிறேன். இரட்டைக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் முப்பத்தேழு வாரம் நிறையுமுன்னே பிறந்துவிடுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் 2018 ஆகஸ்டு மாதம் முப்பத்தைந்தாவது வாரத்தில் பிறந்தார்கள். மகன் ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டான். மகள் பிறந்தபோது எடை ஒரு கிலோ எழுநூறு கிராம். அவள் பன்னிரண்டு நாள் சிறப்புப் பிரிவில் இருக்க நேர்ந்தது. தாய் பத்தியத்தில் வீட்டில். ஒரு பிள்ளை மடியில், ஒரு பிள்ளை மருத்துவமனையில். நான் இரண்டுக்கும் இடையில் பால் புட்டிகளுடன் காரில்.

அங்கே ஒரு தாதி என் சட்டைப் பொத்தான்களைக் கழற்றச் சொல்லி, குழந்தையை என் வெறும் மார்பில் படுக்க வைத்து மேலே துணியால் மூடினார். கங்காருப் பராமரிப்பு என்பார்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-ஆம் ஆண்டு, மருத்துவமனையில் சூடூட்டும் பெட்டிகள் போதாமையால் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கிய முறை இது. பெற்றோரின் உடற்சூடே குழந்தையைக் காக்கிறது. மூச்சும் இதயத் துடிப்பும் சீராகின்றன. தாய்தான் செய்ய வேண்டும் என்பதில்லை, தந்தையின் மார்பும் அதே சூடுதான்.

"பேசுங்கள் ஐயா, உங்கள் குரல் அவளுக்குப் பழக வேண்டும்," என்றார் தாதி. எனக்குத் தாலாட்டுத் தெரியாது. என்ன பேசுவது? வாயில் வந்ததைச் சொன்னேன். பேராக் மலேசியக் கிண்ணத்தை வென்ற ஆண்டுகள்: 1926, 1931, 1957, 1967, 1970, 1998, 2000. இதை மெதுவாகச் சொல்லி முடித்து, மறுபடி 1926-க்கு வருவேன். அவள் உறங்கிவிடுவாள். அந்தப் பன்னிரண்டு நாளில் அந்த ஏழு ஆண்டுகளை எத்தனை நூறு முறை சொன்னேன் என்பது எனக்கே தெரியாது.

அதே ஆண்டு, பேராக் இறுதியாட்டத்தில் வெற்றியை எட்டிப் பிடிக்கும் நிலைக்கு வந்தது. அக்டோபர் 27, ஷா ஆலாம் அரங்கம், எதிரே திரங்கானு. நண்பர்கள் பேருந்து அமர்த்திவிட்டார்கள். எனக்கும் ஓர் இடம். "போய் வாருங்கள்," என்றுதான் என் மனைவியும் சொன்னார். ஆனால், அப்படிச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு வாரமாகவே அவர் காரணமில்லாமல் அழுவதையும், குழந்தைகள் உறங்கும்போதுகூட உறங்க முடியாமல் விழித்திருப்பதையும் கவனித்து வந்தேன். பிரசவத்திற்குப் பின் வரும் மனச்சோர்வு இரட்டையரைப் பெற்ற தாய்மாரிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. "பத்தியத்தில் எல்லாருக்கும் இப்படித்தான்," என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் அது நோய். மருந்தும் ஆலோசனையும் உண்டு. நான் பேருந்து இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை முதல் ஆளாக மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்தேன்.

ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் ஒலியை அடக்கிவிட்டுப் பார்த்தோம். மூன்றுக்கு மூன்று சமநிலை. பெனால்டி வந்தது. அப்போது மகளை மார்பிலிருந்து எடுத்து மாமியாரிடம் கொடுத்தேன். இதில் மூடநம்பிக்கை ஏதுமில்லை. மூன்று நான்கு மாதம் வரை குழந்தையின் கழுத்து தலையைத் தாங்காது. வேகமாகக் குலுங்கினால் மூளையில் இரத்தக் கசிவு ஏற்படக்கூடும். கோல் விழுந்தால் துள்ளமாட்டேன் என்று எந்த ரசிகன் உறுதி கூற முடியும்? குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு பெனால்டி பார்க்காதீர்கள் நேயர்களே. நான்குக்கு ஒன்று என்று வென்றோம். வாயைத் தலையணையில் புதைத்துக்கொண்டு கத்தினேன்.

சற்று நேரத்தில் கிள்ளானிலிருந்து மாமனார் அழைத்தார். அவர் சிலாங்கூர் ஆதரவாளர். மொக்தார் டஹாரியை மெர்டேக்கா அரங்கத்தில் நேரில் கண்டவர். "வாழ்த்துகள் மாப்பிள்ளை. உங்களுக்கு எட்டு. எங்களுக்கு முப்பத்து மூன்று," என்று சொல்லிவிட்டு, "என் மகள் சாப்பிட்டாளா?" என்று கேட்டார்.

மனைவி தேறி வர நான்கு மாதமாயிற்று. அந்நாளில் தனியார் துறையில் தந்தைக்கென்று சட்டப்படி விடுப்புக் கிடையாது. என் ஆண்டு விடுப்பு முழுவதும் அதில் கரைந்தது. 2023 ஜனவரி முதல் மலேசியாவில் தொடர்ந்து ஏழு நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் முதல் நான்கு வாரம். ஏழு நாள் இரட்டையருக்குப் போதுமா என்றால் போதாது என்றே சொல்வேன். ஆனால், அந்த ஏழு நாளையும் கேட்டு வாங்கத் தயங்குகிற தந்தைமார்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரட்டையரை ஒரே மெத்தையில் அணைத்தாற்போல் படுக்க வைப்பது பார்க்க அழகுதான். ஆயினும், இருவருக்கும் தனித்தனி இடம், சமமான உறுதியான படுக்கை, மல்லாந்த நிலை, முகத்தருகே தலையணையோ துணியோ இல்லாமை: இதுவே மருத்துவர்கள் கூறும் முறை. மாமனார் அன்போடு வாங்கி வந்த ஸ்பிரிங் தொட்டில் எங்கள் வீட்டில் துணி காயப்போடத்தான் பயன்பட்டது. அவர் அதைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டார்.

பிள்ளைகள் இப்போது தொடக்கப்பள்ளியில் படிக்கிறார்கள். மகனுக்கு நான் வாங்கிய மஞ்சள் சட்டை அப்படியே மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அவனுக்கு இரயில் படம் வரைவதில்தான் நாட்டம். மகளுக்குக் கை நீளம். பிறந்தபோதே அதைப் பார்த்துவிட்டு மாமனார், "இது ஆறுமுகத்தின் கை," என்றார். 1988-இல் சாலை விபத்தில் மறைந்த, 'சிலந்தி மனிதன்' என்று நாடே அழைத்த, நம் கோல்காவலர் ஆறுமுகத்தைத்தான் சொன்னார். அவள் இப்போது கையுறை மாட்டிக்கொண்டு வீட்டு முன்கதவையே கோல் கம்பமாக்கி நிற்கிறாள். போட்டிருப்பது சிவப்பும் மஞ்சளுமான சிலாங்கூர்ச் சட்டை. தாத்தா வாங்கித் தந்தது.