தயிர்ப் பக்கத்தைப் புரட்டுங்கள்

அட்டையில் 'வீகன் சமையல்' என்று போட்டுவிட்டு, உள்ளே தக்காளி ரசம், எலுமிச்சம் சாதம், வாழைக்காய் வறுவல், சுண்டல் என்று நூறு குறிப்புகளை அடுக்கி, ஐந்நூறு ரூபாய் விலை வைத்தால் வாங்கலாமா? வேண்டாம் என்பேன். தாளிக்கிற நெய்யை எண்ணெயாக மாற்றிக்கொண்டால் போதும், இவையெல்லாம் நம் வீடுகளில் அன்றாடம் நடக்கிற சமையல்தான். இதற்கு ஒரு புத்தகம் எதற்கு?

கேள்விப்படாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கறி, மீன், முட்டையோடு பால், தயிர், வெண்ணெய், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்கிய உணவைத்தான் வீகன் உணவு என்கிறோம். 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்கள் சிலரும் வீகன் சங்கத்தைத் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1946-இல், ஃபே ஹெண்டர்சன் என்ற பெண்மணி அந்த உணவுக்கென்றே ஒரு சமையல் புத்தகம் எழுதிவிட்டார். போர் முடிந்தும் பங்கீட்டு அட்டையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. கொள்கை சரி, ராத்திரிக்கு என்ன சாப்பிடுவது என்று அப்போதே யாரோ கேட்டிருக்க வேண்டும்.

வெண்ணெயும் பாலும் முட்டையும் போய்விட்டால் இங்கிலாந்துக்காரருக்குச் சாப்பாட்டு மேசை பாதி காலி. நம் கதை வேறு. இட்லி, தோசை, புட்டு, இடியாப்பம், சாம்பார், துவையல் எதற்கும் பால் தேவையில்லை. நம் சமையலறையில் மாட்டை நம்பியிருக்கிற இடங்கள் முக்கியமாக மூன்றுதான்: காலையில் காபி, மதியம் தயிர், பண்டிகைக்கு நெய். தமிழ்நாட்டில் ஒரு வீகன் புத்தகத்தை உரசிப் பார்க்க வேண்டிய இடங்களும் இவையே.

முதலில் காபி. சோயா பாலில் கொதிக்கிற டிகாக்‌ஷனை விட்டால் பல சமயம் திரிந்துவிடும். காபியின் புளிப்பும் சூடும் சேர்ந்து சோயாவின் புரதத்தைக் கட்டிகட்டியாக்கிவிடுகின்றன. பாலைத் தனியே மிதமாகச் சூடுபடுத்தி, சற்று ஆறிய டிகாக்‌ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். வீட்டில் அரைத்த ஓட்ஸ் பாலுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் அடுப்பில் வைத்தால் அது கஞ்சியாகிவிடும். இதில் ஒன்றையும் சொல்லாமல், 'பசும்பாலுக்குப் பதில் ஏதாவது ஒரு தாவரப் பால் சேர்க்கவும்' என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிற ஆசிரியர் அந்தக் காபியைப் போட்டே பார்க்கவில்லை என்று நீங்கள் தாராளமாக முடிவு கட்டலாம்.

அடுத்தது தயிர். என்னைக் கேட்டால் புத்தகத்தின் தரம் தெரிவது இந்தப் பக்கத்தில்தான். நிலக்கடலையை ஊறவைத்து, அரைத்து, வடிகட்டி, காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, காம்போடு கூடிய பச்சை மிளகாய் நாலைந்தைப் போட்டு மூடி வைக்கிறார்கள். காம்பில் ஒட்டியிருக்கிற நுண்ணுயிர்களே உறைமோரின் வேலையைச் செய்கின்றன. அப்படி உறைந்ததிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த நாளுக்கு உறை ஊற்றிக்கொள்ளலாம். ஆனால் மாட்டுப்பால் தயிரைக் கத்தியால் வெட்டுகிற மாதிரி நிறுத்துவது கேசீன் என்ற புரதம். அது கடலையில் கிடையாது. ஆகவே கடலைத் தயிர் கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கும், நீர் பிரியும், கடலை வாசம் அடிக்கும். 'அசல் தயிர் போலவே இருக்கும்' என்று எழுதுகிறவரை நம்பாதீர்கள். வெறும் தயிர் சாதத்தில் அந்த வாசம் துருத்திக்கொண்டு தெரியும். அங்கே முந்திரித் தயிர் தேவலை, செலவுதான் கையைக் கடிக்கும். மோர்க்குழம்பில் கதை வேறு. தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் அரைத்துவிடுகிறோம், கடலை வாசம் அடங்கிப்போகும். ஊறவைத்த பருப்பும் அரிசியும் கூடச் சேர்த்து அரைப்பதால் குழம்பும் சுலபத்தில் திரியாது. இத்தனையும் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். எழுதியிருந்தால் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுங்கள்.

பாலோ நெய்யோ முட்டையோ, சமையலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. அதை எடுத்துவிட்டால் அந்த வேலையை இனி யார் பார்ப்பது? இதற்குப் பதில் சொல்கிற புத்தகத்துக்குத்தான் விமர்சனம் எழுத வேண்டும். கேக்கில் முட்டை மாவைப் பிணைக்கிறது, காற்றைப் பிடித்து வைத்து உப்பவும் செய்கிறது. ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் குழைத்தால் பிணைக்கிற வேலை நடக்கும். நுரைக்கிற வேலை நடக்காது. நுரைக்கு என்ன வழி என்பது வெகுநாள் தலைவலி. 2014-இல் பிரான்சில் ஜோயல் ரோசெல் என்பவர் கொண்டைக்கடலை வெந்த நீர் முட்டை வெள்ளைக்கரு போல நுரைப்பதைக் கண்டார். மறு ஆண்டு அமெரிக்காவில் கூஸ் வோல்ட் அந்த நீரையும் சர்க்கரையையும் மட்டும் வைத்து மெரிங்கு என்ற நுரை இனிப்பைச் செய்து காட்டினார். சுண்டலுக்கு வேகவைத்துவிட்டு நாம் சும்மா கீழே கொட்டுகிற தண்ணீர்! வீட்டில் வேகவைத்த நீர் தண்ணியாக இருந்தால் சுண்டக் காய்ச்சி ஆறவிட வேண்டும். அந்த ஒரு வரி இல்லாத குறிப்பை நம்பி இறங்கினால் கைதான் வலிக்கும்.

மாட்டை நம்பியிருக்கிற மூன்றாவது இடம் நெய். மைசூர்பாகில் நெய்க்குப் பதில் வனஸ்பதி போட்டால் இலக்கணப்படி அது வீகன்தான். இருந்தாலும் அப்படி எழுதுகிற புத்தகத்தை நான் வைத்துவிடுவேன். வனஸ்பதியில் இருந்துவந்த டிரான்ஸ் கொழுப்புக்காகத்தான், எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் விதியே வந்தது. வழி நம் ஊரிலேயே இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் முதலூர் மஸ்கோத் அல்வாவில் நெய் இல்லை. மாவைக் கரைத்தெடுத்த பாலும் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் சேர்ந்து கிண்டக் கிண்ட, தேங்காயின் எண்ணெயே பிரிந்து வந்து மினுமினுக்கிறது. வீகன் என்ற பேச்சு எட்டுவதற்கு முன்பிருந்தே அந்த ஊர்க்காரர்கள் கிண்டிக்கொண்டிருக்கிறார்கள். திருநெல்வேலிச் சொதியும் தேங்காய்ப் பாலில்தான் நிற்கிறது. பாதாம் மாவையும் முந்திரி விழுதையும் வாங்கச் சொல்லிவிட்டு மஸ்கோத்தை விட்டுவிடுகிற ஆசிரியருக்கு நம் ஊர் தெரியவில்லை.

வெளிநாட்டுப் புத்தகங்களை வாங்கக் கூடாதா என்றால், தாராளமாக வாங்கலாம். ஈசா சந்திரா மாஸ்கோவிட்ஸும் டெர்ரி ஹோப் ரொமேரோவும் எழுதி 2007-இல் வந்த 'வீகனாமிகான்' தலையணை மாதிரி இருக்கும். ஆனால் தானியத்தையும் பயறையும் எப்படி வேகவைப்பது என்பதையும் சொல்லிக்கொடுக்கிறது. மீரா சோதாவின் 'ஈஸ்ட்' 2019-இல் வந்தது. பெங்களூரிலிருந்து பெய்ஜிங் வரை போகிற புத்தகம், சைவமும் வீகனும் கலந்து 120 குறிப்புகள். வாங்கும்போது அளவுகளைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் மேசைக்கரண்டி என்றால் 20 மில்லி, மற்ற இடங்களில் பெரும்பாலும் 15. உப்பிலும் சோடா மாவிலும் இந்த ஐந்து மில்லி ஆளைக் கவிழ்த்துவிடும். கிராமில் எழுதுகிறவர்கள் புண்ணியவான்கள். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-இல் வெளிவந்து இன்றும் கல்யாணப் பெண்ணின் பெட்டியில் போகிறதென்றால், எதற்கு எவ்வளவு என்று அந்த அம்மாள் ஒளிக்காமல் சொன்னதுதான் காரணம்.

மறைவாக உள்ளே நுழைகிற சாமான்களைப் பற்றியும் நல்ல புத்தகம் எச்சரிக்கும். தாய்லாந்துக் கறி விழுதில் பெரும்பாலும் இறால் இருக்கும். இலங்கையில் பல வீடுகளில் தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு சேரும். நம் கடை பிஸ்கெட்டுகள் பலவற்றில் பால் பொடி உண்டு.

உடம்பைப் பற்றிய முன்னுரையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அங்கே பி12 வைட்டமின் என்ற சொல்லைத் தேடுங்கள். தாவர உணவில் அது நம்பும்படியாகக் கிடைப்பதில்லை. சுருள்பாசியில் இருப்பது பெரும்பாலும் நம் உடலுக்குப் பயன்படாத வகை. பி12 சேர்த்த உணவையோ மாத்திரையையோ மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னால் ஆசிரியர் பொறுப்பானவர். 'கீரை சாப்பிட்டால் எல்லாம் வந்துவிடும்' என்று எழுதியிருந்தால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் புத்தகத்தை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

விமர்சனம் எழுதுகிறவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பதிப்பாளர் அனுப்பிய பிரதியைப் புரட்டி, வழவழப்பான தாளையும் புகைப்படத்தையும் புகழ்ந்துவிட்டுப் போவது விமர்சனம் ஆகாது. அன்றாடத்துக்கு ஒன்று, விருந்துக்கு ஒன்று, ஆசிரியர் பெருமையடித்துக்கொள்கிற ஒன்று என்று எடுத்து, எழுதியபடியே, சொந்தக் கைப்பக்குவத்தைக் கலக்காமல் சமைக்க வேண்டும். வீகன் அல்லாத ஒருவருக்கும் பரிமாற வேண்டும். அவர் இரண்டாம் தடவை கேட்கிறாரா என்று பார்த்து, அதை எழுத வேண்டும். சாமானுக்கு ஆன செலவையும் எழுதினால் படிக்கிறவர்கள் வாழ்த்துவார்கள்.

கடலைத் தயிரையும் மஸ்கோத்தையும் சோயா காபியையும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லித்தரும் தமிழ்ப் புத்தகம் ஏதாவது உங்கள் கண்ணில் பட்டிருந்தால், அதில் ஒன்றிரண்டைச் சமைத்துப் பார்த்துவிட்டு எங்களுக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். எந்தக் குறிப்பு பலித்தது, எது காலை வாரியது என்று பக்க எண்ணோடு எழுதுங்கள்.